சிலிண்டர் பெட்டியின் கதவு

நவம்பர் 9, ஞாயிறு, காலை 7.40. வெளிக்கதவுகள் நான்கு. உளுத்தவை மூன்று. மூன்றாவதைத் திறந்ததும் கேஸ் வாடை முகத்தில் அடித்தது.

மச்சான், நாம் பழசாக வாங்கிய கேம்பர்தான், கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்த அதே இழுவை வண்டி. காருக்குப் பின்னால் மாட்டி எத்தனை முறை கோவளம் இழுத்துப் போயிருப்போம். நீ போன இந்த ஏழு மாதமாகத் தாம்பரத்தில் உன் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது. நேற்று ஸ்டெல்லா போன் செய்தாள். "அண்ணா, வெள்ளிக்கிழமை பாப்பாவோட கோவளம் போறோம். தம்பி கார் எடுத்துட்டு வர்றான். அவர் இல்லாம இதான் முதல் தடவை. சைடு கதவெல்லாம் உப்பிப்போய் மூடவே மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துடுங்க."

சின்ன வேலை என்று நினைத்துத்தான் கீழ்க்கட்டளையிலிருந்து வந்தேன். அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். முதல் இரண்டு கதவிலும் அலுமினியத் தகட்டுக்குள் இருந்த பிளைவுட் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. மூன்றாவது, சிலிண்டர் பெட்டி. வாடை வந்ததும் பின்னால் பாய்ந்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரைத் தூக்கி வெட்டவெளியில் வைத்தேன். டியூபில் வெடிப்பு. பழசானால் அப்படித்தான். கசிந்த கேஸ் ஏன் வெளியே போகாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்று குனிந்து அடியில் தடவிப் பார்த்தேன்.

பெட்டியின் அடித்தளத்தில் இரண்டு துவாரங்கள் இருந்தன. டயர் வாரியடிக்கும் தண்ணீர் அவற்றின் வழியே ஏறுகிறது என்று, வண்டி வாங்கிய புதிதில் ஒரு மழைநாளில் நான்தான் தகடு வைத்து சிலிக்கான் பூசி அடைத்தேன். நீ குடை பிடித்துக்கொண்டு நின்றாய்.

"டேய், ஏதோ காரணமாத்தான் ஓட்டை விட்டிருப்பான். கேட்டுட்டு அடை."

"மெக்கானிக்கல் படிச்சது நானா, நீயா?"

"நீதான். அதான் பயமா கீது."

சிரித்தோம். நீ அதோடு விட்டுவிட்டாய்.

கேஸ் காற்றைவிடக் கனம். அது கீழே இறங்கி வெளியேறத்தான் அந்தத் துவாரங்கள். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்று தண்ணீரை மட்டும்தான் யோசித்தேன். உள்ளே தங்கிய ஈரமும் வடிய வழியில்லாமல் மரத்தைத் தின்றிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு பாப்பா படுக்கும் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கிறது.

போன வருஷம் கோவளத்தில் கொசு தாங்காமல் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் நீ கொசுவத்தி ஏற்றினாய். மூன்று பேரும் அங்கேயே தூங்கினீர்கள். அன்று டியூப் கசிந்ததா? தெரியாது. உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கொசுவத்தியின் நெருப்புப் புள்ளி கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போதே சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரம் உளுத்துவிட்டது என்று மட்டும் சொன்னால் முடிந்தது. அடைத்தது நீ என்றுதான் ஸ்டெல்லா நம்புகிறாள். அவர் செய்த வேலை, ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் பெருமை பேசுகிறாள். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நீதான்; நான் பொய் சொன்னால் மறுக்க நீ இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

ஒன்பதரைக்கு வந்துவிடுவார்கள். செய்யப்போவது:

1. தகட்டைப் பிடுங்கி இரண்டு துவாரங்களையும் திறப்பேன். சல்லடைக் கம்பி மட்டும் போடுவேன்.
2. மூன்று கதவையும் கழற்றி, பிளைவுட்டுக்குப் பதில் பிவிசி பலகை வைப்பேன். பின்பலகையும் புதிது. கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய இடம் விடுவேன்.
3. டியூப், ரெகுலேட்டர் புதிதாக வாங்குவேன். சோப்பு நுரை வைத்துச் சோதிப்பேன். வேறொருவரையும் சோதிக்கச் சொல்வேன்.
4. வெள்ளிக்கிழமை கோவளம் வேண்டாம் என்பேன். பாப்பா அழுவாள்.
5. பாப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, அடைத்தது நான், தடுத்தது நீ என்று ஸ்டெல்லாவிடம் சொல்வேன். என்னிடம் இருக்கும் கேம்பர் சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன்.