தங்கூசியில் அளந்த விரல்

மச்சான்,

இன்று காலை திருமணப் பதிவுப் பத்திரத்தைத் தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது ஒரு சின்ன நகைப்பெட்டி கையில் தட்டுப்பட்டது. உள்ளே நகை இல்லை. வலை பின்னும் நீல நைலோன் நூலில், தங்கூசியில், முடிந்த ஒரு வளையம் மட்டும் கிடந்தது. உன் முடிச்சு. மூக்கருகே கொண்டுபோனேன். கடல் மணம் இன்னும் ஒட்டியிருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. பத்திரத்தை மறந்து நிலத்திலேயே இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

குசினியிலிருந்து றெஜினா எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, தனிய இருந்து சிரிக்கிறீர்?"

"உம்மட அண்ணையோட கதைக்கிறன்."

அவள் வளையத்தைக் கண்டாள். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நீ போனபின் இந்த வீட்டில் உன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, சிரிப்பில் தொடங்கித்தான்.

உன் தங்கையை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஊர்காவற்றுறையில் ஒரே வகுப்பில் படித்த காலத்திலிருந்து உன் வீட்டில் சோறு தின்றவன் நான். நீ கடலுக்குப் போனாய், நான் கணக்கு மாஸ்டர் ஆனேன். அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் ஆனாள். உங்கள் அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிப்பித்தது நீ. எனக்கு நாற்பது, அவளுக்கு முப்பத்தாறு. நீங்கள் வேதக்காரர், மாதா கோயில் ஆக்கள்; நாங்கள் சைவம். அவளிடம் நான் பேச்செடுத்தபோதெல்லாம், "முதல் அண்ணையிட்டைக் கதையும். பிறகு என்னட்டைக் கேளும்" என்று மட்டும் சொல்லுவாள்.

ஒரு பின்னேரம், கரையில் நீ கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். நீ தலை நிமிரவில்லை. ஊசி மட்டும் ஒரு கணம் நின்றது, பிறகு திரும்ப ஓடியது. இருட்டுப்படுமட்டும் நின்று பார்த்துவிட்டு நான் மடத்துவெளியில் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு பதினொரு நாள் நீ என் தொலைபேசியை எடுக்கவில்லை. இருபத்து நாலு வருட நட்பை ஒரு வசனத்தில் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று, எந்தக் கணக்கில் நிற்கிறேன் என்று பிள்ளைகளிடமே கேட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பள்ளிக்கூடம் போக, குறிகட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்துக்காக நின்றேன். உன் மோட்டார் சைக்கிள் வந்து பக்கத்தில் நின்றது. நீ இறங்கவில்லை, இஞ்சினையும் நிற்பாட்டவில்லை.

"சனிக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப யாழ்ப்பாணம் போவம். மோதிரம் செய்விக்கவேணும்."

"என்ன மோதிரம்?"

"எங்கட ஆக்கள் நிச்சயத்துக்கு மோதிரம் போடுறது. பாதர் ஆசீர்வதிச்சுத் தருவார். உனக்கு இதொண்டும் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். அதுதான் நான் கூட வாறன்."

சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். சம்மதம் என்ற சொல்லை நீ அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அன்று நான் வள்ளத்தைத் தவறவிட்டேன். கண்ணுக்கு முன்னாலேயே அது போயிற்று, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கஸ்தூரியார் வீதியில் அந்தக் கடையை உனக்கு யார் சொன்னார்களோ. முன்பக்கத்தில் தகப்பன் சங்கிலியும் தாலிக்கொடியும் விற்றுக்கொண்டிருந்தார். பின் அறையில் மகள், முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவள், கொழும்பில் இரத்தினக்கல் பற்றிப் படித்துவிட்டு வந்தவள், கணினிக்கு முன் இருந்தாள். நான் தொலைபேசியில் பார்த்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். ஆறு பொற்கம்பிகள் பூவிதழ் மாதிரி எழும்பி ஒரு வைரத்தை உயரத் தூக்கிப் பிடித்திருக்கும்.

நீ எட்டிப் பார்த்தாய். "வைரம் ஏன்டா? வெறும் பவுண் மோதிரம் காணாதோ?"

"நாப்பது வயசில ஒருக்காக் கேக்கப்போறன். ஒழுங்காக் கேக்கவேணும்."

அந்தப் பெண் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். பிறகு, என்ன விலையில் வேண்டும் என்றோ எவ்வளவு பெரிய கல் என்றோ கேட்காமல், "அவா என்ன வேலை செய்யிறவா, சேர்?" என்று கேட்டாள்.

"நேர்ஸ்" என்றேன், பெருமையாக.

"அப்ப இவ்வளவு உயரம் வேண்டாம். கையுறை போடேக்க கம்பி மாட்டும். கல்லைப் பவுணுக்குள்ள இறக்கி, மேல் மட்டத்தோட வைக்கலாம். அவாவை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"கேட்டால் பிறகென்ன ரகசியம்? எனக்கு இந்தப் பூதான் வேணும்."

அவள் மறுக்கவில்லை. கணினியில் என் பூவையே கீறிக் காட்டினாள். நான் விரும்பியபடி அது திரையில் சுழன்றது. அளவு இல்லாமல் தொடங்க ஏலாது, விரல் அளவைக் கொண்டுவாருங்கள் என்றாள்.

திரும்பும் வழியில் மண்கும்பானில் தேத்தண்ணிக்கு நிறுத்தினாய். கடற்கரைக்கு வந்த சனம் பஸ்ஸால் இறங்கிக்கொண்டிருந்தது. நீ ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாய்: "அவளைக் கேட்டால் என்ன குறையப்போகுது?"

"உன்ரை தங்கச்சிதான். ஆனால் மோதிரம் என்ரை."

"மோதிரம் உன்ரையும் இல்லை, என்ரையும் இல்லை" என்றாய். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாய். அவ்வளவுதான் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. வேலணை தாண்டுமட்டும் உன் முதுகோடு பேசவில்லை.

ஆனாலும் அளவு எடுத்தது நீதான். இரவு வேலை முடித்துவிட்டு வந்து மத்தியானம் அவள் நல்ல நித்திரையில் கிடந்தபோது, தங்கூசித் துண்டோடு போய் விரலைச் சுற்றினாயாம். பாதி முடிச்சில் அவள் கண் திறந்துவிட்டாள்.

"என்ன செய்யிறாய் அண்ணை?"

"வலைக்கண் அளவு பாக்கிறன்."

"என்ரை விரலிலயோ?"

"ஓம். உன்ரை விரல்தான் சரியான அளவு."

அவள் திரும்பிப் படுத்துவிட்டாள் என்று நீ எனக்குச் சொன்னபோது, தப்பித்துவிட்டோம் என்று நம்பினேன். நாற்பது வயதுக் கணக்கு மாஸ்டர், அதையும் நம்பினேன்.

கடையில் அந்தப் பெண் வளையத்தை வாங்கி அளவுக்கோலில் மாட்டினாள். அது மேலே வழுகியது, கீழே வழுகியது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "அண்ணை, இது விரலுக்கோ, மீனுக்கோ?" என்று உன்னைக் கேட்டாள். முன்பக்கத்தில் இருந்த தகப்பனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நீ மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "தங்கூசி இழுபடும், தங்கச்சி. நீங்கள்தான் பாத்துக் கழிச்சுக்கொள்ளவேணும்" என்றாய்.

மூன்று கிழமைக்குப் பிறகு எடுக்கப் போனோம். அன்று நீ மினுக்கிய சேட்டுப் போட்டிருந்தாய். வழி முழுவதும் ஒரு பகிடியும் விடவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

பெட்டி திறந்தது. என் பூ அங்கே இல்லை. வழவழப்பான, சற்று அகலமான ஒரு பொன் வளையம். அதன் நடுவில் வைரம், பவுணோடு ஒரே மட்டமாக இறங்கி, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் வெளிச்சம் மாதிரி இருந்தது. விரலால் தடவினேன். எங்கே பவுண் முடிந்து எங்கே கல் தொடங்குகிறது என்று தட்டுப்படவே இல்லை.

"இது நான் சொன்னது இல்லையே" என்றேன்.

அந்தப் பெண் உன்னைப் பார்த்தாள். நீ மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தாய்.

"அக்கா வந்து போனவா, சேர்" என்றாள் அவள். "இந்த அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்தவர். வரேக்க கையுறையும் கொண்டுவந்தவா. உங்கட படத்தில இருக்கிற மாதிரி ஒரு மோதிரத்தை எங்கட பெட்டியிலயிருந்து எடுத்துப் போட்டு, மேலால கையுறையை இழுத்தவா. கிழிஞ்சுபோச்சு. பிறகு இந்த மாதிரி ஒண்டைப் போட்டு இழுத்தவா. கிழியேல்லை. இதுதான் வேணும் எண்டு சொன்னவா."

உன் பக்கம் திரும்பினேன்.

"போடப்போறவள் அவள்" என்றாய், காற்றாடியைப் பார்த்தபடியே. "அதுதான் கேட்டனான்."

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "அக்கா உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவா. மோதிரமும் சரி, ஆளும் சரி எண்டு."

பின்னால் கதிரை இருந்தது என் அதிர்ஷ்டம். இருந்துவிட்டேன். நான் இன்னும் கேட்காத கேள்விக்கு, கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையின் பின் அறையில், முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் வாயால் எனக்குப் பதில் வந்தது. இத்தனை கிழமையாகக் காத்த ரகசியத்தை நீ உடைத்துவிட்டாய் என்ற கோபமும், வாழ்க்கையில் அதுவரை வராத ஒரு சந்தோஷமும் சேர்ந்து வந்ததில் எனக்கு எதைக் காட்டுவதென்று தெரியவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு சிரிக்கத் தொடங்கினாய். கடைவாசலில் சிரித்தாய், பண்ணைப் பாலத்தில் சிரித்தாய். அல்லைப்பிட்டி வர நானும் சிரித்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் ஆடியதில் எதிரே வந்த ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் நல்லாக ஏசினார்.

அடுத்த நாள் ஊர்காவற்றுறைத் துறையில், கடற்கோட்டைக்கு எதிரே, அவளிடம் பெட்டியை நீட்டினேன்.

"உமக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றேன்.

"மோதிரம் தெரியும். நீர் இன்னும் என்னட்டைக் கேக்கேல்லை. கேக்கிறதைக் கேக்கவேணும்."

கேட்டேன். பதில் முன்கூட்டியே தெரிந்தும் இரண்டு தரம் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. "ஓம்" என்றாள். மோதிரம் மாட்டியதும் கச்சிதமாக நின்றது. கடையில் தன் விரலைச் சரியான வளையத்தில் அளந்து கொடுத்தவளும் அவள்தானே.

மச்சான், அதற்குப் பிறகு இரண்டு வருடமே நீ எங்களோடு இருந்தாய். கடலிலிருந்து வந்து வள்ளத்தைக் கட்டிவிட்டுக் கரையில் இருந்தவன் எழும்பவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். உன்னைக் கொண்டுபோனபோது ஆஸ்பத்திரியில் வேலையில் நின்றவள் உன் தங்கை. அதைப்பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உன் வீட்டில் எல்லோரும் இருந்தோம். உன் மாமாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் உன் வள்ளத்தையும் இஞ்சினையும் விற்பது என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆளும் பார்த்தாயிற்று. கெட்ட மனதில்லை, உன் குடும்பம் கஷ்டப்படக்கூடாது என்றுதான். "மாஸ்டர், ஒரு கடிதம் எழுதும்" என்று தாளைத் தந்தார்கள். பேனையைத் திறந்து முதல் சொல்லையும் எழுதினேன். பிறகு கை ஓடவில்லை.

"செல்வராணி அக்காவைக் கேட்டியளோ?" என்றேன்.

அவர், உன் மனைவி, குசினியில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய்க் கேட்டேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை, மாஸ்டர். நீங்கள்தான் முதல் கேக்கிறியள்."

"என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ."

"விக்கேலாது. எழுவைதீவில என்ரை தம்பி வேறை ஆக்களின்ரை வள்ளத்தில ஓடித்திரியிறான். அவன் இதை ஓடட்டும். மீன் விக்கிறதை நான் பாக்கிறன்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவரே முன்னால் வந்து சொன்னார். மாமா முதலில் முணுமுணுத்தார், பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இன்று உன் வள்ளம் ஓடுகிறது. கரையில் மீன் வாங்க வரும் வியாபாரிகள் உன்னைவிட அவருக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நீ பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாய், கொஞ்சம் பொறாமையும் பட்டிருப்பாய்.

அன்று அந்தக் கேள்வி என் வாயில் எப்படி வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இயல்பில் நான் கேட்கிறவன் இல்லை. வகுப்பிலும் வீட்டிலும் விடையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கணக்குச் செய்கிறவன். அதை மாற்றியது நீ. அதற்காக எனக்கு ஒரு நாளும் புத்தி சொல்லவில்லை. என் பேச்சைக் கேளாமல் போய் உன் தங்கையைக் கேட்டாய், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் என்னோடு நின்றுவிட்டது. வகுப்பில் பிள்ளைகளைக் கேட்கிறேன். நல்லூரில் கலியாணத்துக்குப் போக முன் அம்மாவைக் கேட்கிறேன், அவருக்கு அங்கே வர விருப்பமா என்று. சில வேளை எதிர்பாராத பதில் வருகிறது, சில வேளை "ஏலாது" என்று வருகிறது. அப்போதும் கேட்டதற்காக நான் வருந்தியதில்லை.

போன கிழமை றெஜினாவிடம், தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்டேன். கலியாணம் முடித்து இத்தனை காலத்துக்குப் பிறகு. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணை உம்மை நல்லாக் கெடுத்துப்போட்டார்" என்றாள்.

ஓம் என்றேன். பிறகு, எத்தனை கரண்டி என்று கேட்டேன்.