மீசை வைத்த துண்டு

என் அன்பு மச்சானுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. உன் கேலிச்சித்திரங்களைச் சேர்த்து நம் நெய்வேலி டவுன்ஷிப் பிளாக் சமுதாயக் கூடத்தில் மூன்று நாள் கண்காட்சி வைத்திருக்கிறோம். இன்று இரண்டாம் நாள், நல்ல கூட்டம். இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

படங்களைத் தேர்ந்தெடுத்தது நான். உன் தங்கையின் கணவன் என்ற உரிமையில் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வடலூர் தைப்பூசக் கூட்டம், சுரங்கத்து ராட்சத இயந்திரத்தில் கூடு கட்டிய காக்கை, குவார்ட்டர்ஸ் வாசலில் பொங்கல் பானை என்று யாருக்கும் வலிக்காததாகப் பார்த்து மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் "என்ன சாந்தமான மனுஷன்!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீயா சாந்தம்? ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பலகையில் நீ படம் ஒட்டினால், இந்த வாரம் யார் தலை உருளுகிறது என்று பார்க்கவே பாதி பிளாக் பால் வாங்கும் சாக்கில் வருமே!

உன் தங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தாள். "எங்க அண்ணன் என்னைக்குங்க இப்படி காலண்டர் படம் போட்டுச்சு? அந்தத் துண்டுப் படம் எங்க?" நான் காதில் விழாத மாதிரி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

துண்டுப் படம் உனக்கு மறந்திருக்காது. சேத்தியாத்தோப்பில் கல்யாணம் என்று கிளம்பினோம். நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி நம் இருவருக்கும் இடம் பிடித்தேன். ஏறிப் பார்த்தால், நைட் ஷிஃப்ட் முடித்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, அப்படியே கண் அசந்திருந்தார். "துண்டு போட்டிருக்குல்ல, தெரியல?" என்று அதட்டி எழுப்பினேன். அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். நீ ஏறினாய், பார்த்தாய், உட்காரவில்லை. கடைசி வரைக்கும் அவரோடு நின்று பேசிக்கொண்டே வந்தாய். என் பக்கத்தில் உனக்காகப் பிடித்த இடத்தில் துண்டு மட்டும் உட்கார்ந்து வந்தது.

அந்த ஞாயிறு பலகையில் அதுதான். சீட்டில் கால்மேல் கால் போட்டபடி ஒரு துண்டு, அதற்கு என் மீசை. பக்கத்தில் தூக்குவாளியோடு ஒருவர் நின்றுகொண்டே தூங்குகிறார். "துண்டு சார், கொஞ்சம் நகந்து ஒக்காருங்களேன்" என்று கண்டக்டர் கெஞ்சுகிறார். ரிட்டயர் ஆகும் வரை நான் இந்த பிளாக்குக்குத் துண்டு சார்தான். உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன்! "தெரிஞ்ச மூஞ்சியா இருந்தாதான மாப்ள எனக்கு கை ஓடும்" என்று நீ சிரித்தாய்.

இன்று சாயங்காலம் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "சார், பஸ்ஸுல துண்டு ஒக்காந்துக்கினு போவுமே, அந்தப் படம் இல்லிங்களா?" என்றார்.

பார்த்தவுடன் எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. நான் மீசையை எடுத்து நாளாகிறது, அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"அதுல நின்னுக்கினே தூங்குறது நான்தாங்க. என்னையெல்லாம் யாருங்க படம் போட்டா? பொண்ணு காலேஜ் படிக்குது. காட்டலாம்னு கூட்டிக்கினு வந்தேன்."

"அது கிடைக்கலைங்க" என்றேன்.

"பரவால்லிங்க" என்று உன் போட்டோவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் மட்டும் வாசல் வரை சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

படம் என் பீரோவில்தான் இருக்கிறது மச்சான், வேட்டிகளுக்கு அடியில். அன்றைக்கு அந்த மனுஷனை சீட்டிலிருந்து எழுப்பினேன். இன்றைக்குச் சுவரிலிருந்தும் எழுப்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உன்னைச் சாந்தமாக்கினேன். நீ இருந்திருந்தால் வரும் ஞாயிறு அந்த பீரோவுக்கு ஒரு மீசை வரைந்திருக்க மாட்டாயா?

உன் தங்கை அவரிடம் போன் நம்பர் வாங்கி வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சற்று முன் நானே கூப்பிட்டேன். படம் என்னிடம்தான் இருக்கிறது, மறைத்துவிட்டேன், அந்த மீசை என்னுடையது, நாளை வந்தால் பார்க்கலாம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் மகளைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. பிறகு, "பொண்ணையும் கூட்டிக்கினு வரேங்க" என்று வைத்துவிட்டார்.

நாளை கடைசி நாள். நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் அந்தப் படம் இருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு நாற்காலி, ஒன்று அவருக்கு, ஒன்று மகளுக்கு. அவர்கள் எழுந்து போகும் வரை நான் நிற்பேன் மச்சான். துண்டு என் தோளில்தான் இருக்கும்.

உன் மாப்பிள்ளை,
துண்டு சார்