ஆறில்லாத ஊர்க்காரர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி யோகேந்திரன் தன் பிள்ளைகளோடு என்னையும் மழைக்காடு பார்க்கக் கூட்டிப்போனார். மொன்றியலில் அதைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளர்த்து வைத்திருக்கிறார்கள். குழாயில் மழை வருகிறது.

"பாருங்கோ பிள்ளையள், அத்தான் இப்பிடிக் காட்டுக்குள்ளால நடந்துதான் கனடா வந்தவர்" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "உன்ர தம்பி மிதுசனும் அப்பிடியே வரட்டும். ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனோட கதைச்சிட்டன்" என்றார்.

"என்னோட வந்த கீர்த்திகன் எங்க, மாமா?" என்று கேட்டேன். பிள்ளைகளுக்குக் குழாய் மழையைக் காட்டத் திரும்பிவிட்டார். நான் தனியே மெட்ரோ எடுத்து வந்துவிட்டேன்.

நாங்கள் நடந்து வந்த பனாமாவின் டேரியன் காட்டில் மழை தூரத்து மலையில் பெய்யும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும். மற்ற நாட்டுக்காரர் எல்லாரும் மேட்டில், சேற்றுக்குள் குந்தியிருந்தார்கள். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நாங்கள் இருவரும் ஆற்று மணல் காய்ந்து கிடக்கிறதென்று அதில் படுத்தோம். நான் தண்ணீர்ப் போத்தல் கேட்டு மேட்டுக்கு ஏறினேன். கீர்த்திகன் நித்திரை.

மிதுசனின் பாஸ்போர்ட்டை உங்கள் தம்பி கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் என்னோடு கதைக்கவும் வேண்டாம்.

வறுத்த மிளகாய்த்தூள் அனுப்புங்கள். இங்கே விற்பதில் மணமில்லை.

கீர்த்திகனின் தாயிடம், மகன் பனாமா அகதி முகாமில் இருக்கிறான் என்று உங்கள் தம்பி சொல்லித்தந்த பொய்யை இனியும் சொல்லாதீர்கள். மலை மழையில் திடீரெனப் பெருகிய ஆறு அவனைக் கொண்டுபோனதை நான் மேட்டில் நின்று பார்த்தேன்.

வேலைக்கு நேரமாகிறது.

மகன்,
ஜெனகன்