சத்தம் போடாத கால்சட்டை

டிசம்பர் 1

கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணை விட்டு இறங்கினேன். இருந்தது. உணர்ச்சிதான் இல்லை. காற்று வடமேற்கிலிருந்து. கனடாக்காரர்கள் நல்லவர்கள் என்கிறார்கள். அனுப்பி வைக்கிற காற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நவம்பர் வேட்டைக்கு ஜீன்ஸும் உள்ளே ஒரு கம்பளி உள்ளாடையும் போதும். டிசம்பருக்கு அது தோசைக்கரண்டியால் கிணறு வெட்டுகிற கதை. ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியும். இருந்தாலும் போனேன்.

வீட்டில் ஓரின் மாவு படிந்த கையோடு லெஃப்ஸே, அதுதான் எங்கள் உருளைக்கிழங்கு ரொட்டி, தேய்த்துக்கொண்டிருந்தான். என் புருஷனுக்கு வேட்டை ஆகாது, அடுப்படிதான் ஆகும்.

"மான் என்னாச்சு?"

"சௌக்கியமா இருக்கு. உன்னைக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு."

அப்புறம் மெதுவாகச் சொன்னான். மகன் கார்ஸ்டன் போன் பண்ணினானாம். கிறிஸ்துமஸுக்கு அவனும் பிரென்னாவும் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறார்களாம். "நல்லா போயிட்டு வரட்டும்" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை! பிறகு குளியலறையில் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு அழுதேன். கால் வலி. வேறென்ன.

டிசம்பர் 3

சரி, எழுதியே விடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

பிரென்னா வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரி பைஜாமா போட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். போன வருஷம் மருமகள் அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தாள். சிவப்புத் துணி, கழுத்தில் துண்டு சுற்றிய மான்கள். எனக்கு வாங்கியது இருப்பதிலேயே பெரிய அளவு. நான் விரித்துப் பிடித்து, "இதுக்குள்ள நானும் ஒரு கன்னுக்குட்டியும் சேர்ந்து போகலாமே! சோபாவுக்கு உறை தைக்க வாங்கினதா?" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிரென்னா எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தாள்.

படத்தில் மூன்று பேர். எடுத்தது நான்.

அதிலிருந்து "எப்படி இருக்கீங்க அத்தை?", "ரோட்டுல பனி ஜாஸ்தியா?" அவ்வளவுதான் பேச்சு.

வருஷா வருஷம் நான் அடிக்கிற மானில் செய்யும் சாசேஜ்தான் கார்ஸ்டனுக்குக் கிறிஸ்துமஸ். இந்த நவம்பரில் ஒன்றும் சிக்கவில்லை. துப்பாக்கிக்கு அனுமதி முடிந்துவிட்டது, இப்போது வில் வேட்டைதான் மிச்சம். ஒரு மான் விழுந்தால் போன் போடலாம்: "சாசேஜ் ரெடி, வந்து எடுத்துட்டுப் போங்க." அது மன்னிப்புக் கேட்பது ஆகாது. சாசேஜ் தகவல்.

ஓரின் சொல்கிறான், "உனக்கு மான் வேண்டாம்டி, சாக்கு வேணும். மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை போதும். அதுக்கு லைசென்ஸும் வேண்டாம், பரணும் வேண்டாம்."

லெஃப்ஸே தீயுது பார் என்றேன்.

டிசம்பர் 5

மைனாட் நகரம் வரை போய்க் கடையில் பெண்களுக்கான வேட்டைக் கால்சட்டை கேட்டேன். கடைப் பையன் கொண்டுவந்தான். காட்டுச் செடி நிறம், ஓரத்தில் ரோஸ் கலர் பட்டி. மானுக்குச் சிவப்பு நிறம் தெரியாதது இவர்கள் புண்ணியம். பாக்கெட்டில் ஒரு உதட்டுச்சாயம் போகும், கத்தி போகாது.

"காத்து தாங்குமா தம்பி?"

"இது லேடீஸுக்குன்னே ஸ்பெஷலா டிசைன் பண்ணது மேடம்."

லேடீஸ் வெளியே போக மாட்டார்கள் என்று நினைத்து டிசைன் பண்ணியிருக்கிறார்கள். ஆண்கள் பக்கம் போய், மார்பு வரை ஏறித் தோளில் பட்டை மாட்டுகிற காற்றுப் புகாத ஒன்றை எடுத்தேன்.

டிசம்பர் 8

காற்று புகவில்லை. உண்மை. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆறு, தொடை வெதுவெதுப்பாக இருந்தது. சொர்க்கம். பன்னிரண்டடி உயரத்தில் சிறுநீர் முட்டும் வரைதான் சொர்க்கம். இறங்கி, கோட்டைக் கழற்றி, பட்டையைக் கழற்றி, திரும்ப மாட்டி, ஏறி — இருபது நிமிஷம். இதைத் தைத்தவன் நிச்சயம் ஆண்பிள்ளைதான்.

டிசம்பர் 9

ஓரின் அன்போடு அந்தக் கால்சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறான். லாவண்டர் சோப்பில். காற்றுவாக்கில் மூன்று மைலுக்கு எல்லா மானுக்கும் இப்போது நான் வருவது தெரியும். திட்டவும் முடியவில்லை, பாவி.

டிசம்பர் 11

மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெளியே காயப்போட்டு, வீடு வீடாகத் தபால் போடுகிற என் சுற்று முடிந்ததும் பரண் ஏறினேன். நாலரைக்கு ஒரு பெண் மான். இருபத்தைந்து அடி. எழுந்து நிற்க ஒரு முழங்காலை நீட்டினேன் — சரசரசரக்! சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே சிப்ஸ் பாக்கெட் பிரித்த மாதிரி. குளிரில் அந்தத் துணி அப்பளமாகிவிடுகிறது. கடைக்குள் ஹீட்டர் சூட்டில் மடக்கிப் பார்த்து வாங்கினேனே, என் புத்தியை என்ன சொல்ல! முப்பது வருஷ வேட்டைக்காரி, வெளியே கொண்டுபோய்க் குளிரில் மடக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மான் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பிரென்னா பார்த்த பார்வை. அடுத்த நொடி மான் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதினான்கு நாள். இறைச்சிக்கடை கெய்லன் சாசேஜ் போட ஒரு வாரம் கேட்பான். போச்சு, எல்லாம் போச்சு.

டிசம்பர் 12

இறைச்சிக்கடை கெய்லன் தன் பழைய ராணுவக் கம்பளிக் கால்சட்டையை இரவல் கொடுத்தான். "பூனை மாதிரி போகலாம்க்கா, சத்தமே வராது." வரவில்லை. காற்றுதான் வந்தது, சல்லடையில் வருகிற மாதிரி. அரிப்பு தனி. ஒன்றில் குளிர் இல்லை, சத்தம். இன்னொன்றில் சத்தம் இல்லை, குளிர். இரண்டும் சரியாக அமைந்தால் அதற்குப் பெயர் கால்சட்டை இல்லை, அதிசயம்.

டிசம்பர் 14

காற்றுப் புகாததன் மேலே மெத்தென்று ஏதாவது சுற்றினால் சத்தம் அமுங்குமே என்று அலமாரியைக் குடைந்தேன். போர்வை, திரைச்சீலை. அடியில் அது, போன வருஷத்துச் சிவப்புப் பைஜாமா. பிரிக்காத பாக்கெட்டில். இல்லை, ஒருமுறை பிரித்தது.

கதவைச் சாத்திக்கொண்டு வேட்டைக் கால்சட்டைக்கு மேலே மாட்டிப் பார்த்தேன். பொருந்துகிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. வெளியே கொட்டகையில் போய் இருபது முறை உட்கார்ந்து எழுந்தேன். சத்தம் இல்லை.

ஓரின் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷத்தில் முதல் முறை.

டிசம்பர் 15

விழுந்தது!

நாலே முக்காலுக்கு, இருபது கஜத்தில், நல்ல கொழுத்த பெண் மான். துண்டு சுற்றிய நாற்பது மான்கள் என் காலில் இருக்க, நாற்பத்தோராவது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்பு போனதும் அறுபது அடி ஓடி விழுந்தது. பனியில் முழங்காலிட்டுக் குடலை எடுத்தேன். சந்தோஷமாகவே இருந்தது என்று எழுதுகிறேன், பொய் எதற்கு.

கெய்லன் சறுக்குப் பலகையோடு வந்து இழுத்துக்கொடுத்தான். நேரே அவன் கடை. அங்கே ஒரு வழக்கம்: வருகிற ஒவ்வொரு மானையும் ஆளோடு நிறுத்திப் படம் எடுத்துச் சுவரில் குத்துவான், கடையின் இணையப் பக்கத்திலும் போடுவான். "நில்லுக்கா, சிரி" என்றான். நின்றேன். சிரித்தேன். கடையில் இருந்த நாலு பேர் ஏன் அப்படிப் பல்லைக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன்.

கடவுளே.

டிசம்பர் 16

தபால் சுற்றில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. குறைந்தது முப்பது பேர் இன்று பெட்டியருகே வந்து நின்றார்கள், இந்தக் குளிரில். "தூங்கி எழுந்து நேரா போயிட்டியா ஆர்டிஸ்?" "எனக்கும் ஒண்ணு வேணும், எந்தக் கடை?" நன்றாகச் சிரிக்கட்டும். இவர்கள் மின்சார பில் எல்லாம் என் கையில்தான்.

ஆறு மணிக்கு போன். பிரென்னா.

"அத்தை, கெய்லன் கடைப் படம் பார்த்தேன். அது நான் வாங்கினதா?"

"ஆமா."

"அளவு சரியா இருந்துச்சா?"

"பேன்ட்டுக்கு மேல போட்டேன். அதுக்கு சரியா இருந்துச்சு."

"அதுக்குத்தான் பெருசா வாங்கினேன். டிசம்பர் வந்தா நீங்க அந்தக் கம்பளி உள்ளாடையைக் கழட்டவே மாட்டீங்களே. இருக்கறது மேலயே மாட்டிக்கலாம்னு..."

அடிப்பாவி! என்னை இவ்வளவு கவனித்தாளா? நான் இவளை என்ன கவனித்தேன்? சாசேஜ் ரெடி என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. வேறு ஒன்று வெளியே வந்துவிட்டது. "சோபா உறைன்னு சொன்னேன் பாரு, அது என் வாய்க்கொழுப்பு. மன்னிச்சுக்கோம்மா."

அவள் சொன்னாள், "நல்ல ஜோக்குதான் அத்தை. வேற யாரு பைஜாமாவா இருந்தாலும் நானே சிரிச்சிருப்பேன்."

கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்களாம், மறுநாள் இங்கே வருகிறார்களாம். சரி. நியாயம்தான்.

சாசேஜ் பற்றிச் சொல்ல மறந்தே போனேன்.

டிசம்பர் 23

கெய்லன் சாசேஜ் அனுப்பினான். பொட்டலத்தில் ஒரு மான் வரைந்து அதற்குப் பைஜாமா போட்டிருக்கிறான். அவன் கம்பளிக் கால்சட்டையை அடுத்த வருஷம்தான் திருப்பித் தருவேன்.

டிசம்பர் 26

மதியம் வந்தார்கள். ஓரின் விடியலிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்க்கவில்லை. ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷத்துக்கென்று புதுப் பைஜாமா எதுவும் கொண்டுவரவில்லை. பிரென்னா பையிலிருந்து போன வருஷத்துச் சிவப்பையே எடுத்தாள், அவளுக்கும் கார்ஸ்டனுக்கும். ஓரினும் தன்னுடையதைத் தேய்த்து வைத்திருக்கிறான், என்னிடம் மூச்சு விடாமல். "போன வருஷப் படம் சரியா வரல அத்தை, திரும்ப எடுத்துடலாம்" என்றாள். நானும் என்னுடையதை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல போனை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. டைமர் போட்டு லெஃப்ஸே டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள்.

படத்தில் நான்கு பேர். என் முழங்காலில் ரத்தக்கறை தெரிகிறது. இரண்டு தரம் ஊறப்போட்டேன், போகவில்லை.