தண்ணி கீழேயிருந்துதான் வந்துச்சு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் உங்கம்மாவும் தம்பியும் சுகமா இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே மாதிரி இருக்கணும்னுதான் காலையில கண்ணு முழிக்கும்போதே நினைச்சுக்கிறேன். எப்பவும் போல உன் பட்டப்பேரைப் போட்டு அன்புள்ள வெள்ளத்துக்குன்னு ஆரம்பிக்கலையே, அப்பாவுக்கு என்ன கோபமோன்னு நினைச்சுடாதே. கோபமெல்லாம் ஒண்ணுமில்ல, காரணம் இருக்கு, சொல்றேன். நான் எதையும் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவேன்னு உனக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கோ. உங்கம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்ல, தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்காங்க, அவ வெளியில போக மாட்டேங்கிறா, ஹாலுக்குள்ளயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிறா, நடந்துகிட்டே என்னையும் திட்டுறா, ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடுது. தம்பி இப்போ தனியாவே தரை போடுற வேலை எடுத்துச் செய்றான், வாடிக்கைக்காரங்ககிட்ட என்னை மாதிரியே தொண்டையைச் செருமிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறான். இந்த லெட்டரை நான் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து உங்கம்மா கண்ணு முன்னாடியேதான் எழுதுறேன். நீ கேட்ட தரை விஷயத்தை எழுதுறேன்னு நினைச்சுகிட்டிருக்கா. அதுவும் பொய்யில்ல.

போன மாசம் போன்ல நீ கேட்டே, புது வீடு தரைத்தளம், ஹாலுக்கு லேமினேட்டும் படுக்கிற ரூமுக்கு மரப்பலகையும் போடப் போறோம், அடியில என்ன விரிக்கிறதுன்னு நீங்கதாம்பா சொல்லணும்னு. இருக்கிறதுலயே ஒசத்தியானதா சொல்லுங்க, தண்ணி பட்டா அசையாததா சொல்லுங்க, என் கைராசிதான் உங்களுக்குத் தெரியுமேன்னு சிரிச்சே. அப்புறம் மாப்பிள்ளை போனை வாங்கி, மாமா உங்க பொண்ணு குட்டியை ஒரு டம்ளர் தண்ணியோட ஹால்ல கால் வைக்க விட மாட்டேங்கிறா, பாவம் அது சமையக்கட்டுல தொட்டி பக்கத்துலயே நின்னு குடிச்சிட்டு வருது, வீட்டுக்கு யார் வந்து டம்ளரைக் கீழ வச்சாலும் இவ துணியோட பின்னாடியே நிக்கிறான்னார். அவர் தமாஷாத்தான் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். எல்லாத்தையும் விவரமா எழுதுறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு மூணு வாரமா பேனாவைத் தொடாம இருந்தேன், அதுக்கு வேலைதான் காரணம்னு தம்பிகிட்ட சொல்லியிருந்தேன், அதுவும் பொய்.

மொதல்ல வேலையைச் சொல்லிடறேன், அது எனக்குச் சுலபம். பலகைக்கு அடியில விரிக்கிற அண்டர்லேங்கிறது மெத்தை இல்ல, இதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். மெத்துன்னு இருந்தா நல்லதுன்னு கனமா வாங்கிட்டா கால் வைக்கிற இடமெல்லாம் பலகை அமுங்கி அமுங்கி எழுந்து ஒண்ணோட ஒண்ணு மாட்டியிருக்கிற பூட்டு உடைஞ்சிடும். லேமினேட்டுக்கு ரெண்டு மில்லியோ மூணு மில்லியோ ஃபோம் ஷீட் போதும், கையால அழுத்தினா விறைப்பா இருக்கணும், பஞ்சு மாதிரி போகக்கூடாது. நல்லா இருக்கட்டும்னு ரெண்டு அடுக்கு போடுறவங்க இருக்காங்க, அந்தத் தப்பைப் பண்ணாதே. சில பலகைக்கு முதுகுலயே ஒரு ஷீட் ஒட்டி வரும், அதுக்கு அடியில இன்னொண்ணு வேண்டவே வேண்டாம். படுக்கிற ரூம் மரப்பலகைக்குத் தக்கை ஷீட் பாரு, நடந்தா டக்குடக்குன்னு சத்தம் வராது, காலுக்கும் சில்லுன்னு இருக்காது. மாடி வீடா இருந்தா கீழ இருக்கிறவங்களுக்காக ரப்பர் போடச் சொல்லியிருப்பேன், உனக்குக் கீழ மண்ணுதான், மண்ணுக்குத் தூக்கம் கெடாது. ஆனா மண்ணுக்கு மேல இருக்கிற சிமெண்டு ஈரத்தை விட்டுகிட்டே இருக்கும், அதனால எல்லாத்துக்கும் மொதல்ல கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை விரிக்கணும், ஒரு ஷீட் மேல இன்னொண்ணு ஒரு சாண் ஏறி இருக்கணும், சேர்ற இடமெல்லாம் டேப் ஒட்டணும், சுவரோரமா ரெண்டு விரக்கடை மேல மடிச்சு விட்டு, ஓரப்பட்டை அடிச்சதுக்கு அப்புறம் வெட்டிக்கலாம். அதுக்கு மேல வர்ற ஃபோமும் தக்கையும் ஏறக்கூடாது, ஒண்ணை ஒண்ணு முட்டிகிட்டு நின்னா போதும். வாங்குற ஃபோம்லயே பிளாஸ்டிக் சேர்ந்து வந்தா தனியா இன்னொரு ஷீட் வேண்டாம். சிமெண்டு மேடு பள்ளமா இருந்தா அண்டர்லே அதைச் சரி பண்ணிடும்னு மேஸ்திரி சொன்னா நம்பாதே, பண்ணாது. பலகையைப் பிரிக்காம ரெண்டு நாள் அதே ரூம்ல படுக்கப் போட்டு வை, சுவரோரமா விரல் கனம் இடைவெளி விடு.

ஒண்ணை மட்டும் கடைசியில வச்சிருக்கேன், செய்யும்போது அதுதான் மொதல்ல. சிமெண்டு காய்ஞ்சுடுச்சான்னு கண்ணால பார்த்தாத் தெரியாது. ஒரு முழம் அகலத்துக்குப் பிளாஸ்டிக்கை வெட்டி, சிமெண்டு மேல வச்சு, நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி மூணு நாள் விடணும். பிரிக்கும்போது உள்பக்கம் தண்ணி கோத்திருந்தாலும் சரி, சிமெண்டு கருத்திருந்தாலும் சரி, வேலையைத் தொடக்கூடாது. எத்தனை வாரம் ஆனாலும் காத்திருக்கணும். முப்பது வருஷமா எல்லார் வீட்டுலயும் இதைச் செஞ்சிருக்கேன். நம்ம வீட்டுலயும் செஞ்சேன் கண்ணு. செஞ்சுட்டு நான் என்ன பண்ணேன்னு யாருக்கும் தெரியாது, இப்போ உனக்குச் சொல்றேன்.

நம்ம ஹாலைப் புதுசா எடுத்தப்போ உனக்குப் பதினோரு வயசு, சிமெண்டுத் தளம் போட்டு மூணு வாரம்கூட ஆகல. கிளினிக் வச்சிருந்த டாக்டர் ஒருத்தர் தன்னோட ரெண்டு மாடிக்கும் மரத்தரை கேட்டிருந்தார், திங்கக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன், நீங்க போட்ட தரையில நடந்து பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்னுட்டார். எனக்கு அப்போ தனியா கடை கிடையாது, நம்ம ஹால்தான் என் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளாஸ்டிக்கை ஒட்டினேன், சனிக்கிழமை காலையிலயே போய்ப் பார்த்தேன். கொதிக்கிற பானையோட மூடியைத் திருப்பினா எப்படி இருக்கும், அப்படி முத்து முத்தா தண்ணி. தோள்ல கிடந்த துண்டை எடுத்து அந்த ஷீட்டைத் துடைச்சேன். ஹால்ல ஒரு ஈ காக்கா இல்ல, யாருக்குத் தெரியக்கூடாதுன்னு துடைச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல. அடியில விரிக்கிற கெட்டி பிளாஸ்டிக்கும் அன்னிக்குத் தீர்ந்திருந்துச்சு, நம்ம வீடுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு வெறும் ஃபோமை விரிச்சுப் பலகையை மாட்டிட்டேன். திங்கக்கிழமை டாக்டர் வந்தார், செருப்பைக் கழட்டிட்டு நடந்தார், வழவழன்னு இருக்குன்னார், வேலையைக் கொடுத்தார். அவர் கிளினிக்ல மூணு நாள் காத்திருந்து, ஷீட் போட்டு, இம்மி பிசகாம செஞ்சேன். அது இன்னும் அப்படியே இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு உங்கம்மா ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. வீடு முழுக்க நீதான் பார்த்துகிட்டே. ஒரு நாள் ஹாலைத் துடைக்கும்போது வாசக்கதவு கிட்ட வாளி சாய்ஞ்சுடுச்சு, உன் உடுப்பாலயே ஒத்தி ஒத்தி எடுத்தே. நான் வேலையிலயிருந்து வந்ததும் நீயா வந்து சொன்னே. யாரும் பார்க்கல, நீ சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனாலும் சொன்னே. நான் சரி போகட்டும்னேன். பத்து நாள்ல ஜன்னலோரம் பலகை மேல தூக்குச்சு. வாளி சாய்ஞ்சது வாசல் பக்கம், பலகை தூக்குனது ஜன்னல் பக்கம், நடுவுல பதினெட்டு அடி காய்ஞ்ச தரை. அந்தத் தண்ணி எப்படித் தாண்டிப் போச்சுன்னு யாரும் கேட்கல, கேட்க வேண்டியவன் நான், நானும் கேட்கல. அந்த வாரம் பார்த்து டாக்டர், கிளினிக்குக்குப் பலகை எடுக்கிறதுக்கு முன்னாடி நிறத்தை இன்னொரு தடவை பார்க்கணும்னு வந்துட்டார். கால்ல மேடு தட்டினதும் நின்னு என் மூஞ்சியைப் பார்த்தார். நீ சமையக்கட்டு வாசல்ல நின்னுகிட்டிருந்தே. நான் சிரிச்சுகிட்டே உன்னைக் கை காட்டி, எல்லாம் இவ பண்ண வேலை சார், இவ கையில வாளி கிடைச்சா வீட்டுல வெள்ளம்தான்னேன். அவரும் சிரிச்சுட்டார். நீ சிரிக்கல. அந்தச் சிரிப்போட அவர் கேள்வி முடிஞ்சுது, என் மானம் பிழைச்சுது, உனக்குப் பேர் வந்துச்சு.

அதுக்கப்புறம் வெள்ளம்னு தம்பி கூப்பிட்டான், உன் மாமா கூப்பிட்டார், உன் கல்யாணத்துல மாமா மாப்பிள்ளைகிட்ட, வெள்ளம் வருது, சாமானெல்லாம் பரண்ல ஏத்திக்கோங்கன்னு சொன்னப்போ பந்தலே சிரிச்சுது, நானும்தான். ஜன்னலோரப் பலகையை மாத்தினேன் இல்லையா, அது நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், ஹால் முழுக்கப் பிரிச்சு பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு ஒழுங்கா போட்டேன். நீ வந்ததும், இனிமே பார்த்துத் துடைன்னு வேற சொன்னேன். பாவி. நாலு வருஷம் முன்னாடி வாஷிங் மெஷின் குழாய் பிய்ச்சுகிட்டு ஹால்ல கணுக்கால் அளவு தண்ணி நின்னுச்சு, உடனே வழிச்சு விட்டுத் துடைச்சோம், ஒரு பலகை அசையல. உங்கம்மா எல்லார்கிட்டயும், அவர் போட்டா போட்டதுதான்னு பெருமையா சொன்னா. அப்போகூட என் வாய் திறக்கல. அன்னிக்குப் பிரிச்ச பலகையில ஒண்ணைப் பட்டறையில பசை டப்பா வைக்க வச்சிருந்தேன். நேத்து அதுல ஒரு துண்டு அறுத்தேன், இதோட பார்சல்ல வருது. மேல்பக்கம் பாரு, ஒரு கறை இல்ல. திருப்பிப் பாரு, கரி மாதிரி இருக்கும். தண்ணி மேலயிருந்து வரலம்மா, கீழேயிருந்துதான் வந்துச்சு. மாப்பிள்ளைகிட்டயும் காட்டு.

இது வரைக்கும் எழுதிட்டு உங்கம்மாகிட்ட படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுகிட்டு ரெண்டு தடவை படிச்சா. திட்டுவான்னு நினைச்சேன், திட்டல. அன்னிக்கு நம்ம பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ என்கிட்ட மொதல்ல என்ன கேட்டான்னு தெரியுமான்னா. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கலையாம் நீ, அம்மா நான் தரையைக் கெடுத்துட்டேன், வீட்டுக்கு வந்ததும் அப்பா சொல்றதைக் கேட்டு என்னை வெறுத்துடாதேன்னு கேட்டியாம். அவ உன் தலையைத் தடவி, போகட்டும், இனிமே ஜாக்கிரதையா இருன்னாளாம். அந்த ஜாக்கிரதையை நானும்தானே அவ தலையில கட்டினேன்னு சொல்லிட்டு எழுந்து போய் ஹால்ல நடக்க ஆரம்பிச்சா, இப்பவும் நடந்துகிட்டுதான் இருக்கா, அரை மணி எப்பவோ தாண்டிடுச்சு. சாயங்காலம் தம்பி வந்ததும் அவனுக்கு நானே வாயால சொல்லப் போறேன். மாமாவுக்குப் போன் பண்ணியும் சொல்லுவேன். இந்த வீட்டுல இனிமே அந்தப் பேர் கிடையாது.

என்னை மன்னிச்சிடுன்னு கேட்க எனக்கு வாய் இல்ல, அதைக் கேட்டா அதையும் உன் தலையில வைக்கிற மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்றேன். எடுக்கத் தோணலைன்னா எடுக்காதே, நான் தப்பா நினைக்க மாட்டேன், அடுத்த ஞாயிறும் பண்ணுவேன். நீங்க மூணு பேரும் ஒரு நோய் நொடி இல்லாம புது வீட்டுல நிறைஞ்சு வாழணும், குட்டி அந்தத் தரையில ஓடி ஆடி வளரணும். சிமெண்டு மேல ஷீட் ஒட்டினா மூணு நாள் முழுசா விடறதை மறக்காதே, யார் அவசரப்படுத்தினாலும் பிரிக்காதே. பலகையெல்லாம் போட்டு முடிச்ச அன்னிக்கு குட்டி கையில ஒரு டம்ளர் நிறைய தண்ணி கொடுத்து ஹால் நடுவுல நடக்க விடு. சிந்தினா சிந்தட்டும், நீ துணியை எடுக்காம உட்கார்ந்து பாரு.

இப்படிக்கு,
அன்னிக்கு அந்த ஷீட்டைத் துடைச்ச
உன் அப்பா