பிலிப்பின் பாவசங்கீர்த்தனம்

செவ்வாய், இரவு

போலந்துக்காரர்கள் பிழைக்கப் போன நாடுகளுக்கெல்லாம் அவர்கள் மொழி பேசும் சாமியாரும் பின்னாலேயே போனார் என்று குருமடத்தில் படித்தேன். ஜார்க்கண்டிலிருந்து கம்பம்மெட்டு ஏலத்தோட்டத்துக்கு வந்த பிலிப்புக்கு வாய்த்தவன் நான்.

இன்று ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அவனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க அழைத்தார்கள். வழக்கப்படி அவன் மனைவியை வெளியே அனுப்பினேன். தன் மொழியில் அழுதழுது பேசினான். பாவமன்னிப்பு கொடுத்தேன். அவளைக் கூப்பிடுவதற்குள் உயிர் போய்விட்டது.

“சாமி, அவரு கடைசியா என்ன சொன்னது?” என்று தெரிந்த தமிழில் கேட்டாள்.

நர்ஸ் குறுக்கிட்டாள். “ஆத்தா, பாவசங்கீர்த்தனத்துல கேட்டத சாமியாரு வெளிய சொல்ல மாட்டாக.”

அவள் தலையாட்டி என் கையை முத்தமிட்டாள்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும்.