பன்னிரண்டு மணி, பிரஸ்ஸல்ஸ் நேரம்

மார்ச் 11, செவ்வாய்

பணிக்குழுக் கூட்டம் ஏழு மணி நேரம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகளும் சேர்ந்து எழுதும் ஆராய்ச்சித் திட்டத்தில் போர்ச்சுகலுக்காக நான் காவல் காப்பது ஒரே ஒரு வாக்கியத்தை: சிறு ஊர் ஆய்வகங்களுக்கு ஒரு பங்கு "ஒதுக்க வேண்டும்". இன்றும் அது பிழைத்தது. உடனே எங்கள் நாட்டின் சிறு ஊர் பிராகன்சாவுக்குப் போன் செய்து கிராசாவிடம் சொன்னேன். இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருஷம் அவளோடுதான் கஷ்கொட்டை மர நோய்க்கு மருந்து தேடினேன். பங்கு வராவிட்டால் கோடையோடு அவள் ஆய்வகத்துக்குப் பூட்டு.

"எழுத்துல வந்துடுச்சாடி?" என்றாள். வந்துவிட்டது என்றேன்.

பக்கத்து நாற்காலி எஸ்தோனிய நாட்டு உர்மாஸ். ஏழு மாதமாக மைக்கைத் தொட்டதில்லை மனிதர். உங்கள் பொத்தான் வேலை செய்கிறதா என்று இன்றும் சீண்டினேன். சிரித்ததோடு சரி.

மார்ச் 14, வெள்ளி

எழுதிப் பார்த்தால்தான் நம்புவேன் போலிருக்கிறது.

இறுதி வரைவு நேற்று வந்தது, நாற்பத்தொரு பக்கம். இன்று பகல் பன்னிரண்டுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். மௌன நடைமுறை என்று அதற்குப் பெயர், இங்கே வழக்கம் அது. மாற்றிய இடங்களைத் தடித்த எழுத்தில் காட்டுவதும் வழக்கம். அதனால் தடித்த எழுத்தை மட்டும் படித்தேன், புத்திசாலி! இன்று பதினொன்று நாற்பதுக்கு வேறெதற்கோ திறந்தால் - என் வாக்கியத்தில் "ஒதுக்கலாம்". சாதாரண எழுத்தில். அப்படியென்றால் ஒதுக்காமலும் இருக்கலாம்.

தலைநகர் லிஸ்பனின் உத்தரவு இல்லாமல் நான் ஆட்சேபிக்கக் கூடாது. அங்கே இருக்கும் என் இயக்குநர் எர்மீனியோவைப் போனில் பிடித்தேன்.

"பன்னிரண்டுக்குத்தானே? இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கே. அமைச்சர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

லிஸ்பன் கடிகாரம் பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு மணி நேரம் பின்னால்! கத்துவதற்குள் இணைப்பு போய்விட்டது. எட்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

நடைபாதையில் உர்மாஸ் எதிரே வந்தார். அழாத குறையாகச் சொன்னேன். கேட்டார், தலையாட்டினார், தன் அறைக்குப் போய்விட்டார். சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது.

இரண்டு வரி ஆட்சேபம் எழுதி வைத்தேன். அனுப்பும் பொத்தானில் விரல். 11.58. 11.59. உத்தரவு இல்லையே, உத்தரவு இல்லையே...

அனுப்பவில்லை. பன்னிரண்டு ஆகிவிட்டது. ஐயோ, என்ன காரியம் செய்தேன் நான்?

12.50க்கு எர்மீனியோ அழைத்தார். அமைச்சர் சம்மதித்துவிட்டாராம், ஆட்சேபிக்கலாமாம். லாம்!

அதே நாள், மாலை

மௌனம் கலைந்திருக்கிறது. 11.57க்கு. எஸ்தோனியா.

மூன்று முறை படித்தேன். எஸ்தோனியாதான்.

மார்ச் 17, திங்கள்

"வேண்டும்" திரும்பி வந்துவிட்டது. தட்டச்சுப் பிழையாம். யார் நம்பினார்கள் என்று தெரியவில்லை.

எர்மீனியோ குதூகலமாக அழைத்தார். "ஒரு நாடு ஆட்சேபித்தது" என்ற தகவல் மட்டும் அங்கே போயிருக்கிறது. நான்தான் துணிந்து அனுப்பினேன் என்று முடிவு கட்டிவிட்டார், அமைச்சரிடமும் சொல்லிவிட்டாராம். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 19, புதன்

உர்மாஸை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வேறு ஏதோ பேரத்துக்காக, இந்த வரைவில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்கள் தலைநகர் தாலினிலிருந்து அவருக்கு எழுத்திலேயே உத்தரவு இருந்ததாம். எனக்கு உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான். அவருக்குக் கூடாது என்றே வந்திருந்தது.

அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பேசாம இருந்தா சம்மதம்னு எழுதிக்கறாங்க. ஏழு மாசமா எதுக்கெல்லாம் சம்மதிச்சிருக்கேன்னு அன்னிக்குத்தான் யோசிச்சேன்" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு, "பொத்தான் வேலை செய்யுதுங்க" என்றார்.



மார்ச் 20, வியாழன்

எர்மீனியோவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

உர்மாஸின் நாற்காலியில் ஒரு புதுப் பெண். வந்த முதல் நாளே மூன்று முறை பேசினாள்.

கூட்டக் குறிப்பின் வரைவு வந்தது. அதிலும் "ஒரு நாடு ஆட்சேபித்தது" என்றுதான் இருக்கிறது. திருத்தம் சொல்ல நாளை மறுநாள் பன்னிரண்டு மணி வரை கெடு.

ஏப்ரல் 3, வியாழன்

காலை 9.10க்கு அனுப்பினேன். லிஸ்பனைக் கேட்கவில்லை. "ஒரு நாடு" என்பதை "எஸ்தோனியா" என்று திருத்த வேண்டும்; போர்ச்சுகல் அப்போது மௌனமாக இருந்தது என்றும் சேர்க்க வேண்டும். எர்மீனியோவுக்கு ஒரு பிரதி.

பத்து மணியிலிருந்து அவர் அழைத்துக்கொண்டே இருக்கிறார். எடுப்பேன், கொஞ்சம் பொறுத்து. கிராசாவின் அழைப்பை மட்டும் எடுத்தேன். அதற்குள் அவளுக்கும் சேதி போயிருக்கிறது.

"ஏண்டி, எங்களைக் காப்பாத்தினது நீ இல்லையா?"

இல்லை என்றேன்.